ஒன்பதாம் அத்தியாயத்துத் தாய்

பூண்டுலோயாவில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நான்கு மைல் மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பரமலிங்கம் இருபது வருடம் டிஸ்பென்சராக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில் இருந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு அங்கேதான் சரிவரும் என்று முதல் வருடமே முடிவாகிவிட்டது. தோட்டத்து ஜனங்கள் அவரை டொக்டரையா என்று கூப்பிட்டார்கள். நான் டொக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். காலையில் புண்ணுக்கு மருந்து கட்டுவார். பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து, காய்ச்சலுக்கு மிக்சர். பேறு என்றால் மருத்துவிச்சியோடு, தொழிலாளரின் ஓரறை வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு நடை. மாலை நான்கு மணிக்குக் கதவைச் சாத்தினால் அதன்பிறகு செய்வதற்கு ஒன்றும் கிடையாது.

ஆகவே அவர் தத்துவம் எழுதினார்.

இளமையில் லண்டன் பரீட்சை ஒன்றுக்குத் தபால் மூலம் படித்தவர். தருக்கத்தில் நல்ல புள்ளி கிடைத்தது, லத்தீனில் தோற்றார். மறுபடி எழுதப் பணமோ தெம்போ இருக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகங்கள் கூடவே வந்தன. எது உண்மையில் இருக்கிறது, எது நல்லது, இவற்றை நாம் எந்த நியாயத்தால் அறிகிறோம் என்ற மூன்று கேள்விகளையும் தமிழில் ஒழுங்காக எடுத்து எழுத வேண்டும் என்று நாற்பத்தொன்பதில் தொடங்கினார். தேவையான சொற்கள் பாதி தமிழில் இல்லை. அவரே ஆக்கினார், ஆறு மாதம் கழித்து வாசித்துப் பார்த்து அடித்தார். மழைக்காலம் வந்தால் தாள் ஈரம் குடித்து மை பரவும். இப்படியே வருடங்கள் போயின.

யுத்தத்துக்குப் பிறகு சீமையிலிருந்து வந்த சில நூல்கள் அவரை மிகவும் உறுத்தின. கொலை தீது என்று ஒருவன் சொன்னால் அவன் உலகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றன அந்த நூல்கள். சூடு பட்டவன் 'ஸ்' என்று கையை உதறுவது போல அதுவும் ஒரு சத்தம், அவ்வளவுதான். மனிதன் எப்போதும் தன் விருப்பத்தைத்தான் செய்கிறான். அதற்கு நன்மை என்று பின்னால் பெயர் வைத்துக்கொள்கிறான். எத்தனையோ பேரின் கண்ணை மூடிவிட்ட பரமலிங்கத்தால் இதை ஏற்க முடியவில்லை. ஏற்க முடியவில்லை என்பது நியாயம் ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும். எட்டு அத்தியாயம் எழுதி, ஒன்பதாவதில் இரண்டு வருடம் நின்றுவிட்டார்.

பிறகு வழி கிடைத்தது. எல்லா மனிதரும் எப்போதும் தம் விருப்பத்தையே செய்கிறார்கள் என்பதுதானே எதிராளியின் கூற்று? அதைக் கவிழ்க்க ஒரே ஒரு மனிதர் போதும். விருப்பம் முழுவதும் ஒரு பக்கம் இழுக்க, நன்மை என்று கண்டதற்காக மற்றப் பக்கம் கை நீட்டிய ஒரே ஒருவர். அது கதையில் வரும் ஆளாக இருக்கக்கூடாது. தான் நேரில் கண்டறிந்தவராக இருக்க வேண்டும். அப்படி ஒருத்தி அவருடைய தோட்டத்திலேயே இருந்தாள். மேல் டிவிசனில் கொழுந்து எடுக்கும் வேலாயி.

ஐம்பத்தேழாம் வருடம் டிசம்பர் மாதம் மழை ஒரு கிழமையாக விடாமல் கொட்டியது. வேலாயிக்கு அன்று குளிர்காய்ச்சல். பகலோடு மலையிலிருந்து இறங்கினாள். தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் கூரை ஒழுகியதால் ஆயா பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். வேலாயி தன் மகன் அழகுமுத்துவையும் பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவின் மகள் சண்முகவடிவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டுக்கும் மூன்று வயது. சோறு ஊட்டி, தன் காம்பராவுக்குள் ஒரே கம்பளியில் படுக்க வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனாள். திரும்பி வரும்போது லயத்தின் பின்சுவர் உள்ளே தள்ளிக்கொண்டு மண் இறங்கியிருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு பிள்ளையோடு வெளியே வந்தாள். அதற்குப் பின்னால் மீதி மண்ணும் வந்து காம்பராவை மூடியது. அவள் கையில் இருந்தது பேச்சியம்மாவின் மகள்.

பரமலிங்கம் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். பொழுது சாய்வதற்குள் அழகுமுத்துவை எடுத்தார்கள். சாக்கு ஒன்றில் கிடத்தி அவர்தான் பார்த்தார். வேலாயி எதிர் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில், பேச்சியம்மாவின் பிள்ளையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பேச்சியம்மா கொழுந்துக்கூடையைக்கூட இறக்காமல் ஓடிவந்து அவள் காலில் விழுந்தாள். உன் பிள்ளையை விட்டுவிட்டு என் பிள்ளையை எடுத்தாயே என்று முதலில் சொன்னவள் அவள்தான். மறுநாள் தோட்டம் முழுக்க அதைச் சொன்னது. கோயில் பூசாரி சொன்னார், தொழிற்சங்கக் கூட்டத்தில் அட்டனிலிருந்து வந்தவர் மேடையில் சொன்னார், தோட்டத்தை நடத்தும் தொரைகூட ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வேலாயியைக் கூப்பிட்டு ஏதோ இங்கிலீஷில் சொல்லித் தொப்பியை எடுத்தார். வேலாயி எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பரமலிங்கம் அந்த மௌனத்தைப் பார்த்தார். தன் செயலின் அளவை அறிந்தவளின் மௌனம் என்று நினைத்தார்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் அவர் வேலாயியின் பெயரைப் போடவில்லை. ஆனால் 'நான் வேலை பார்க்கும் தோட்டத்தில், ஐம்பத்தேழாம் ஆண்டு மழையில்' என்று போட்டார். கற்பனை என்று யாரும் தள்ளிவிடக்கூடாது அல்லவா. எழுதும்போது ஒரு சங்கடம் வந்தது. அவளுக்கு எது எந்தப் பிள்ளை என்று தெரிந்திருக்காவிட்டால் அங்கே தெரிவு என்று ஒன்று இல்லை. ஒரு பிள்ளை மட்டும்தான் கைக்கு எட்டியது என்றாலும் தெரிவு இல்லை. ஆகவே இப்படி எழுதினார்: 'இரு குழந்தைகளும் அழுதன. தன் மகனின் குரல் எது என்பதை அவள் அறிவாள். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தனர். அவள் மற்றக் குழந்தையை எடுத்தாள்.' எழுதி முடித்தபோது அந்த அழுகையைத் தானே கேட்டதுபோல இருந்தது. அதை யாரிடமும் விசாரிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அறுபத்து மூன்றாம் வருடம் மாசி மாதம் அட்டனில் ஒரு சிறிய அச்சகத்தில் முந்நூறு பிரதி அடித்தார்கள். நாற்பத்துச் சொச்சம் வெளியே போனது. அட்டனில் ஒரு கடையில் பத்து வைத்தார், வலப்பனையிலும் றொசல்லையிலும் தெரிந்த வாத்திமாருக்குக் கொடுத்தார், யாழ்ப்பாணத்துக்குச் சில தபாலில் அனுப்பினார். மீதி அவருடைய குவாட்டர்ஸில் அலமாரிக்கு மேல் கிடந்தது.

ஒரு பிரதியை வேலாயியின் புருஷன் கந்தப்பன் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தமிழ் நன்றாக வாசிப்பான். லயத்தில் பத்திரிகையை உரக்க வாசித்து மற்றவர்களுக்குச் சொல்கிறவன் அவன்தான். நம் தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களாமே என்று கேட்டான். பரமலிங்கத்துக்குச் சந்தோஷம். ஒன்பதாம் அத்தியாயத்தில் அடையாளத்துக்கு ஒரு தாளும் வைத்துக் கொடுத்தார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு வேலாயி வந்து கதவோரம் நின்றாள். கையில் மருந்துப் போத்தல் இல்லை. என்ன செய்கிறது என்று கேட்டார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க," என்றாள். "ஐயா, எம்மகன் அழுதான்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவளே அந்த வரிகளைச் சொன்னாள். வாசிக்கத் தெரியாதவள், காதால் கேட்டு அப்படியே மனதில் வைத்திருந்தாள். தன் மகனின் குரல் எது என்பதை அவள் அறிவாள். அவர் எழுதிய எழுத்துத் தமிழ் அவள் வாயில் தடுக்கித் தடுக்கி வந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் பரமலிங்கம். "நானாத்தான் எழுதினனான்."

அவள் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். வாங்கு காலியாக இருந்தும் கீழே, சுவரோடு உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கந்தப்பன் அந்தப் பகுதியை அவளுக்கு வாசித்துக் காட்டினானாம். வாசிக்கும்போது முகமெல்லாம் பெருமை. அந்த வரி வந்ததும் நின்றுவிட்டான். திரும்ப ஒருமுறை மனதுக்குள் வாசித்தான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவன் கூப்பிட்டானா என்று கேட்டான். ஆறு வருடத்தில் அவன் அந்த நாளைப் பற்றி அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவளுக்கு வாய் வரவில்லை. அவன் எழுந்து போய்விட்டான். பன்னிரண்டு நாளாகக் கீழ் டிவிசனில் தம்பி நல்லமுத்து வீட்டில் சாப்பிட்டு அங்கேயே படுக்கிறான். அழுதது கேட்டும் விட்டுவிட்டாள் என்று நினைக்கிறான்.

"அவன் அழுவலையா?" என்று கேட்டார் பரமலிங்கம். அவள் பேச்சே அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

வேலாயி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு சத்தமும் இல்லீங்க. பட்டப்பகல்லயே காம்பராக்குள்ள கண்ணு தெரியாது, அதுல மழ இருட்டு வேற. கம்பளிக்குள்ள ரெண்டும் ஒண்ணாத்தான் கெடந்துச்சுங்க. மேல மண்ணு. கைய விட்டுத் துளாவுனேன். ஒரு காலு ஆப்புட்டுச்சு. எம்புள்ள காலுன்னுதான் இழுத்தேன். எம்புள்ளய எடுத்துட்டேன்னுதான் வெளிய ஓடியாந்தேன். மழையில மூஞ்சி சேறு கழுவுது, பாக்குறேன், பேச்சி மக. திரும்புறதுக்குள்ள செவரு முழுசும் எறங்கிருச்சு."

பிறகு, "அழுதிருந்தா நான் அவனத்தாங்க எடுத்திருப்பேன்," என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தோடு பரமலிங்கத்தின் அத்தியாயம் முடிந்துவிட்டது. பழக்க தோஷத்தால் அதில் எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பதினான்கு வருட வேலை விழுந்த சத்தம் எதுவும் அவருக்குள் கேட்கவில்லை. அது அவருக்கே விசித்திரமாக இருந்தது. முழங்கால் வலித்தது. ஒரு தேத்தண்ணி குடித்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார்.

இத்தனை வருடமும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"பேச்சி வந்து கால்ல விழுந்துட்டாங்க. அவ புள்ள எம்மடியில கெடக்கு. தப்பா எடுத்துட்டேன்னு எந்த வாயால சொல்றது? நான் சொன்னா, அந்தப் புள்ள இருக்கிறதே தப்புன்னு ஆயிடாதா. மறுநா சொல்லலாம்னு இருந்தேன். மறுநா ஊரே சொல்லிருச்சு."

அவள் கேட்க வந்தது ஒன்றுதான். அழுகையை மட்டும் பொய் என்று கந்தப்பனிடம் சொல்ல வேண்டும். மற்றதைச் சொல்லக் கூடாது. அவள் சொன்னால் தப்பிக்கச் சொல்கிறாள் என்று நினைப்பான். எழுதியவரே சொன்னால் நம்புவான். பரமலிங்கம் சரி என்றார். அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போனாள். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை.

மறுநாள் நான்கு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கீழ் டிவிசனுக்கு இறங்கினார். ஒன்றரை மைல் குறுக்குப்பாதை. போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திப் பார்த்தார். எப்படி ஒழுங்குபடுத்தினாலும் அது ஒரே வாக்கியமாகத்தான் வந்தது.

கந்தப்பன் நல்லமுத்துவின் காம்பராவுக்கு முன்னால் குந்தியிருந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழுந்தான். நல்லமுத்து ஒரு பலகையைத் துடைத்துப் போட்டுவிட்டு, தேத்தண்ணி சொல்ல உள்ளே போனான்.

"கந்தப்பன், அந்தப் பிள்ளை அழுதது எண்டு நான் எழுதினது பொய்," என்றார் பரமலிங்கம். "அது நான் கட்டினது. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் கேட்கவும் இல்லை."

கந்தப்பன் கத்தியைக் கீழே வைத்தான். "அச்சுல போட்டிருக்கீங்களே ஐயா."

"ஓம்."

"ஏங்க எழுதுனீங்க?"

"தேவைப்பட்டது."

"யாருக்குங்க?"

பரமலிங்கம் யோசித்தார். "அந்த வாதத்துக்கு," என்றார். அது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. கந்தப்பன் அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள முயன்றதுபோல இருந்தான், பிறகு விட்டுவிட்டான்.

வேலாயி வந்து சொல்லச் சொன்னாளா என்று கேட்டான். வந்தாள் என்றார். வேறு என்ன சொன்னாள் என்று கேட்டான். அதை அவளிடமே கேள் என்றார்.

தேத்தண்ணி வந்து ஆறியது. பிறகு கந்தப்பன் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் தொடங்கினான். அழவில்லை என்றால் சத்தம் இல்லை. அந்தக் காம்பராவில் ஜன்னல் கிடையாது. மழை நேரம். இரண்டும் ஒரே கம்பளி. ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனான். அவன் எங்கே போய் நிற்கப் போகிறான் என்று பரமலிங்கத்துக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று தடுத்தாலும் அது சொன்னதாகவே ஆகும். பேசாமல் இருந்தாலும் அப்படித்தான். ஆறாம் அத்தியாயத்தில் இதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். ஒரு வரிகூட இப்போது உதவவில்லை.

"அப்ப எது எதுன்னு அவளுக்குத் தெரியாது," என்றான் கந்தப்பன்.

அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கந்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "ஆறு வருஷமா நான் அவள சாமின்னு நெனச்சேங்க. ஊரும் அப்படித்தான் சொல்லுச்சு. புள்ள போனதுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரு நாளும் ஒண்ணா ஒக்காந்து அழுவல. சாமிகிட்ட போயி எம்புள்ளய நீ ஏன் விட்டேன்னு எப்படிங்க கேக்குறது? கேக்காமலே இருந்துட்டேன். நீங்க எழுதுனத படிச்சதும் சாமியும் இல்ல, மனுஷியும் இல்லன்னு ஆயிருச்சு."

"என்னை மன்னிச்சுக்கொள்," என்றார் பரமலிங்கம்.

கந்தப்பன் கத்தியை உறையில் போட்டான். தம்பியின் பெண்சாதியிடம் இன்றைக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேல் டிவிசன் பாதையில் ஏறத் தொடங்கினான். பரமலிங்கம் ஆறிய தேத்தண்ணியைக் குடித்தார். நல்லமுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் தன் பெண்சாதியின் இருமலைப் பற்றிக் கேட்டான். திங்கட்கிழமை அனுப்பு என்றார்.

அன்றைக்கு மேல் டிவிசனில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. கந்தப்பன் வீட்டில் இருக்கிறான் என்பது மட்டும் மருத்துவிச்சி சொல்லித் தெரிந்தது. ஒரு பத்து நாள் கழித்து வேலாயி அட்டை கடித்துச் சீழ் பிடித்த காலோடு வரிசையில் வந்தாள். மற்றவர்கள் நின்றதால் ஒன்றும் கேட்க முடியவில்லை. மருந்து கட்டி முடிந்ததும் அவள், "வீட்டுலதான் சாப்புடுறாருங்க," என்றாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. அழுது அழுது வீங்கிய கண் அது. பலவிதமான வீக்கங்களைப் பார்த்தவர் என்பதால் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. பாலச்சந்திரன் என்று ஒரு கல்லூரி ஆசிரியர். தமிழில் இப்படி ஒரு நூல் வருமென்று நினைக்கவில்லை என்றும், ஒன்பதாம் அத்தியாயத்தை மூன்று தரம் வாசித்ததாகவும், அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போவதாகவும், விடுமுறையில் வந்து அந்தத் தாயைப் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார். புத்தகத்துக்கு வந்த ஒரே கடிதம் அது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் பரமலிங்கம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருப்பார்.

பொய் என்று அறிந்ததை அறிந்த பிறகும் நிற்க விடுவது இரண்டாவது பொய் என்று அவர் எழுதியிருந்தார். பிழைதிருத்தம் அச்சிட்டு ஒட்டலாம். ஆனால் என்னவென்று போடுவது? உண்மையைப் போட்டால் பேச்சியம்மா படிப்பாள், அல்லது யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுவார்கள். சண்முகவடிவுக்கு இப்போது ஒன்பது வயது. எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தும் வழி தெரியவில்லை. கடைசியில் அச்சுப்பிழை அதிகம், பிரதியைத் திருப்பித் தாருங்கள் என்று எல்லோருக்கும் அஞ்சலட்டை போட்டார். அதுவும் பொய்தான் என்று தெரிந்தே போட்டார்.

அட்டன் கடையில் ஏழு கிடைத்தன. வலப்பனைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது; அங்கிருந்த வாத்தியார் புத்தகத்தை இன்னும் பிரிக்கவே இல்லை, அப்படியே எடுத்துக் கொடுத்து, உங்கள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். றொசல்லையில் ஒருவர் தொலைந்துவிட்டது என்றார். இப்படி இரண்டு மாதம், லீவு நாளெல்லாம் அலைந்து முப்பத்தொன்றைச் சேர்த்தார். மற்றவை எங்கேயோ இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவற்றை யாரும் வாசிக்கப் போவதில்லை என்ற எண்ணம் முதல்முறையாக ஆறுதலாக இருந்தது.

பாலச்சந்திரனுக்கு மட்டும் உண்மையில் ஒரு பகுதியை எழுதினார். நான் எழுதியவாறு அது நடக்கவில்லை. அதை மேற்கோளாகக் கொள்ள வேண்டாம். ஒருவரையும் பார்க்க வர வேண்டாம். அவரிடமிருந்து எட்டுப் பக்கத்தில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். அந்தத் தாய் உண்மையில் இருந்தாளா என்பது முக்கியமில்லை, இருக்கக்கூடியவள் என்று வைத்துக்கொண்டாலே ஒன்பதாம் அத்தியாயத்தைக் கொஞ்சம் மாற்றி நிறுத்திவிடலாம் என்று படிப்படியாகக் காட்டியிருந்தார். பரமலிங்கம் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தார். பிழை அகப்படவில்லை. நல்ல மூளை என்று நினைத்தார். கடிதத்தை மடித்து வைத்தார். பதில் எழுத வேண்டும் என்று சில மாதம் நினைத்துக்கொண்டிருந்தார், எழுதவில்லை.

இந்திய வம்சத்துத் தோட்டத் தொழிலாளர் எல்லோரையும்போலக் கந்தப்பனும் போட்டிருந்த பிரஜாவுரிமை மனு அடுத்த வருடம் தள்ளுபடியானது. இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததற்குச் சாட்சி போதாது என்று காரணம் சொன்னார்கள். அவனுடைய அப்பன் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன். அதற்குக் காகிதம் இல்லை. மேன்முறையீடு செய்யலாம், தெரிந்த உத்தியோகத்தர் யாரிடமாவது கடிதம் வாங்கி வை என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு கந்தப்பனும் வேலாயியும் சேர்ந்து வந்தார்கள். இருவரையும் ஒன்றாக டிஸ்பென்சரியில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. இந்தத் தடவை வேலாயி வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பரமலிங்கம் தாளை எடுத்து வைத்து வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இங்கிலீஷில் எழுதினார். முடிந்ததும் அவர்களுக்குத் தமிழில் சொன்னார். நாற்பத்தைந்தாம் ஆண்டு முதல் இவர்களை இந்தத் தோட்டத்தில் பார்த்து வருகிறேன். ஐம்பத்துநாலில் இவர்களுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது, பிறப்பை நான் பதிந்தேன். ஐம்பத்தேழு டிசம்பரில் அந்தக் குழந்தை மண்சரிவில் இறந்தது, உடலை நான் பரிசோதித்தேன். இந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

கந்தப்பன் மேலே ஏதோ வருமென்று காத்திருந்தான். "அம்புட்டுதானுங்களா?"

"நான் கண்டது அவ்வளவுதான்."

"போதும்ங்க," என்றாள் வேலாயி.

கந்தப்பன் தாளை வாங்கி, தனக்குத் தெரியாத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மகனின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டான். பரமலிங்கம் விரல் வைத்துக் காட்டினார். வேலாயியும் எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் அதை நான்காக மடித்து ஒரு பொலிதீன் தாளுக்குள் வைத்தான்.

அந்தக் கடிதத்தால் பயன் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. வருடக் கடைசியில் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டார்கள், இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று. அதில் யார் யார் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அறுபத்தைந்து ஆனியில் பரமலிங்கம் ஓய்வு பெற்றபோதும் கந்தப்பனின் மேன்முறையீட்டுக்குப் பதில் வந்திருக்கவில்லை.

அவர் புறப்பட்ட அன்று பஸ் வரை பெட்டியைத் தூக்கிவந்தவர்களில் கந்தப்பனும் ஒருவன். வேலாயி மலைக்குப் போயிருந்தாள். நல்ல கொழுந்துக் காலம், லீவு எடுக்க முடியாது. பஸ் பிந்தியது. மழை தூறியது, நின்றது, மறுபடி தூறியது. ஊரில் போய் என்னங்க செய்வீங்க, எழுதுவீங்களா என்று கந்தப்பன் கேட்டான். இல்லை, தோட்டம் கொஞ்சம் இருக்கிறது, வெங்காயம் போடலாம் என்று பரமலிங்கம் சொன்னார். வெங்காயத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணீர் இறைப்பார்கள் என்று அவன் விசாரித்தான். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பஸ் வந்தது.